அக்குளில் நெறி: தடுப்பூசியும் புற்றுநோய் ஸ்கேனும்

நம் நாட்டில் கொரோனா தடுப்பூசி 2021 ஜனவரி 16 அன்று மருத்துவப் பணியாளர்களுக்குப் போடத் தொடங்கப்பட்டது. மார்ச் 1 முதல் 60 வயதைக் கடந்தவர்களுக்கும், 45 முதல் 59 வயது வரை உள்ளவர்களில் அரசு அறிவித்த 20 வகை நோய்கள் உள்ளவர்களுக்கும் வாய்ப்பு திறந்தது. அந்தப் பட்டியலில் புற்றுநோயும் இருந்தது. கீமோ சிகிச்சையில் எதிர்ப்பு சக்தி குறைந்த உடம்பு கொரோனாவைத் தாங்காது என்பதால் எடுக்கப்பட்ட சரியான முடிவு அது. ஆனால் அப்படி ஊசி போட்டவர்கள் அடுத்த சில வாரங்களில் வழக்கமான ஸ்கேனுக்குப் போனபோது, பல நாடுகளின் ஸ்கேன் அறைகளில் ஒரே மாதிரியான குழப்பம் எழுந்தது. ஊசி போட்ட கையின் அக்குளில் புதிதாக நெறி கட்டியிருந்தது. படத்தில் அது பளிச்சென்று எரிந்தது. புற்றுநோய் பரவினாலும் படம் ஏறத்தாழ அப்படித்தான் இருக்கும்.

கொரோனாதான் ஓய்ந்துவிட்டதே, இப்போது ஏன் இந்தப் பேச்சு என்று வாசகர்கள் கேட்கலாம். கொரோனா ஊசி இந்த விஷயத்தைப் பெரிய அளவில் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தது, அவ்வளவுதான். எந்தத் தடுப்பூசியிலும் இது நடக்கக்கூடும். ஒவ்வோர் ஆண்டும் நம் ஜமாஅத்துகளிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர்கள் பயணத்துக்கு முன்னால் தடுப்பூசி போட்டுக்கொள்கிறார்கள். அவர்களில் மார்பகப் புற்றுநோயிலிருந்து குணமடைந்த தாய்மார்கள் இருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ‘செக்கப்’ போகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். ஊசித் தேதியும் ஸ்கேன் தேதியும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதைக் குடும்பத்தில் ஒருவராவது தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

நெறி கட்டுவது நமக்குப் புதிதல்ல. காலில் முள் குத்திப் புண்ணாகிப் போனால் தொடை இடுக்கில் நெறி கட்டும். பல் சொத்தையானால் தாடைக்குக் கீழே கட்டும். பிறந்த குழந்தைக்கு இடது தோளில் பி.சி.ஜி. ஊசி போட்ட சில வாரங்களில் சில குழந்தைகளுக்கு அந்தப் பக்கத்து அக்குளில் சிறு உருண்டை தட்டுப்படும். பாட்டிமார்கள் தடவிப் பார்த்து ‘ஊசி நெறி, தானா அமுங்கிடும்’ என்று சொல்லிவிடுவார்கள். அந்த உருண்டைக்குத்தான் மருத்துவத்தில் நிணநீர் முடிச்சு என்று பெயர். உடம்புக்குள் புதிதாக எது வந்தாலும் முதலில் விசாரிக்கிற காவல் நிலையம் மாதிரி அது. தோளில் போடுகிற தடுப்பூசியின் செய்தி அந்தப் பக்கத்து அக்குள் முடிச்சுகளுக்கும் கழுத்தடி முடிச்சுகளுக்கும்தான் முதலில் போய்ச் சேரும். அங்கே வெள்ளை அணுக்கள் பெருகும், முடிச்சு வீங்கும். ஊசி வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம் அது.

சிக்கல் என்னவென்றால், மார்பகப் புற்றுநோய் பரவத் தொடங்கும்போது முதலில் போய்த் தங்குகிற இடமும் அதே அக்குள் முடிச்சுதான்.

பெட் ஸ்கேன் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் குழப்பம் எங்கே பிறக்கிறது என்பது விளங்கும். நோயாளியை ஆறு மணி நேரம் போல வெறும் வயிற்றில் வரச் சொல்வார்கள். கதிர்வீச்சு ஏற்றிய ஒரு வகைச் சர்க்கரையை நரம்பில் செலுத்தி, ஒரு மணி நேரம் அசையாமல் படுக்க வைத்து, பிறகு படம் எடுப்பார்கள். எந்த இடம் சர்க்கரையை அதிகமாக உறிஞ்சுகிறதோ அந்த இடம் படத்தில் எரியும். புற்றுநோய் அணுக்கள் சர்க்கரையைப் பேராசையோடு தின்னும், ஆகவே எரியும். தடுப்பூசியால் விழித்தெழுந்து பெருகிக்கொண்டிருக்கும் வெள்ளை அணுக்களும் தின்னும், ஆகவே அவையும் எரியும். மூளை எரியும், காசநோய் நெறியும் எரியும். நம் நாட்டில் காசநோய் அதிகம் என்பதால் இங்குள்ள மருத்துவர்களுக்கு இந்த ஏமாற்று வெளிச்சம் பழக்கமானதே. கீமோவுக்குப் பிறகு வெள்ளையணு கூடுவதற்குப் போடுகிற ஊசி எலும்பு மஜ்ஜை முழுவதையும் எரிய வைத்துவிடும். மெஷின் பொய் சொல்வதில்லை. இங்கே சர்க்கரை செலவாகிறது என்ற அளவுக்குத்தான் அதன் சாட்சியம். செலவு செய்தது யார் என்பது அதற்குத் தெரியாது.

(இடையில் ஒரு வார்த்தை. ரமளானில் சிலர், ‘எப்படியும் வெறும் வயிற்றில்தானே போகிறோம், நோன்போடேயே போய்விடலாமே ஹஜ்ரத்’ என்று கேட்பதுண்டு. இந்த ஸ்கேனுக்கு முன்னும் பின்னும் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். கதிர்வீச்சு மருந்து சிறுநீரில் வெளியேற அது தேவை. நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகை இது போன்ற நாளுக்குத்தான். பிறகு களா செய்துகொள்ளலாம்.)

எத்தனை பேருக்கு இப்படி நடக்கிறது? இதில் பெரிய எண்ணிக்கையோடு முதலில் வந்த ஆய்வுகளில் ஒன்று இஸ்ரேலின் டெல் அவிவ் நகர மருத்துவமனையிலிருந்து வந்தது. ஃபைசர் நிறுவனத்தின் எம்.ஆர்.என்.ஏ. வகை ஊசி போட்டுக்கொண்ட 728 பேரின் பெட் ஸ்கேன்களை 2021இல் அவர்கள் அலசினார்கள். அந்த நாட்டின் அரசியல் பற்றி நமக்குச் சொல்ல நிறைய உண்டு; ஆனால் எண்ணை எண்ணாகப் பார்ப்பதுதான் நேர்மை. 100க்கு 45 பேருக்கு ஊசி போட்ட பக்கத்து நெறி எரிந்தது. முதல் டோஸுக்குப் பிறகு 36 சதவீதம், இரண்டாவது டோஸுக்குப் பிறகு 54 சதவீதம். அப்படி எரிந்தவர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு அது ஊசியால் வந்ததுதான் என்று மருத்துவர்களால் சொல்ல முடிந்தது. நூற்றுக்கு ஐந்து பேர் போல உண்மையாகவே புற்றுநோய். மீதி ஏறத்தாழ ஏழில் ஒருவருக்கு இரண்டில் எது என்று சொல்லவே முடியவில்லை.

நம் கவலை அந்த ஏழில் ஒருவரைப் பற்றியது. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்து, அதே பக்கத்துக் கையில் ஊசியும் போட்டுக்கொண்ட பெண்ணுக்கு அக்குள் எரிந்தால் எந்த மருத்துவராலும் உடனே தீர்ப்புச் சொல்ல முடியாது. லிம்போமா என்கிற நெறிப் புற்றுநோய்க்காரர்களுக்கும் இதே நிலைதான், அவர்களுடைய நோயே நெறியில்தான் இருக்கிறது. அப்போது முன்னால் இருக்கும் வழிகள் மூன்று: ஊசி குத்திச் சதை எடுத்து பயாப்ஸி பார்ப்பது, சில வாரம் பொறுத்து மீண்டும் ஸ்கேன் எடுப்பது, அல்லது நோய் பரவிவிட்டதாகவே வைத்துக்கொண்டு சிகிச்சையை மாற்றுவது. மூன்றாவது வழி தவறாகப் போனால் தேவையில்லாத கீமோ. முதல் இரண்டுக்கும் பணமும் மன நிம்மதியும் விலை.

இந்தியாவில் பெரும்பாலோருக்குப் போடப்பட்டவை கோவிஷீல்டும் கோவாக்சினும். அவை எம்.ஆர்.என்.ஏ. வகை அல்ல. அவற்றில் நெறி கட்டுவது அந்த அளவுக்கு இல்லை என்றாலும் இல்லாமலும் இல்லை. கோவிஷீல்டின் மூல மருந்தான அஸ்ட்ராஜெனகா ஊசியின் பக்க விளைவுப் பட்டியலிலேயே நெறி வீக்கம் உண்டு. நம் ஊரில் இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. கோவிஷீல்டின் இரண்டு டோஸ்களுக்கு இடையிலான இடைவெளி முதலில் 4 முதல் 6 வாரம் என்றார்கள், 2021 மார்ச்சில் 6 முதல் 8 வாரம் என்றார்கள், மே மாதம் 12 முதல் 16 வாரம் என்று மாற்றினார்கள். குடும்பத்தில் யார் எந்தத் தேதியில் எத்தனையாவது டோஸ் போட்டார்கள் என்பதே பலருக்குக் கலங்கிப்போனது. கோவின் சான்றிதழை எடுத்துப் பாருங்கள்: ஊசியின் பெயர் இருக்கும், தேதி இருக்கும், போட்ட இடம் இருக்கும். இடக்கையா வலக்கையா என்பது இருக்காது. ஸ்கேன் பார்க்கும் மருத்துவருக்கு முதலில் தேவைப்படுவதோ அதுதான்.

பாப்பிரெட்டிப்பட்டியில் இருந்துகொண்டு இதைப் பார்த்தால் பாரம் இன்னும் கூடுகிறது. பெட் ஸ்கேன் நம் ஊரில் கிடையாது. மஞ்சவாடி கணவாய் இறங்கி சேலம் போக வேண்டும். இல்லையென்றால் பொம்மிடியில் ரயிலேறி சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ, பெங்களூரு கித்வாய்க்கோ போக வேண்டும். வேலூர் சி.எம்.சி.க்கும் போகிறவர்கள் உண்டு. தனியாரில் ஒரு பெட் ஸ்கேனுக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிவிடும். கூடப் போகிறவருக்கு ஒரு நாள் கூலி போகும், வீட்டில் பிள்ளைகளை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். ‘ஆறு வாரம் கழித்து மறுபடி எடுங்கள்’ என்று மருத்துவர் ஒரு வரியில் எழுதுவதற்குப் பின்னால் இத்தனையும் இருக்கிறது. அந்த ஆறு வாரமும் வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது. அந்த வீடுகளுக்கு துஆச் செய்யப் போகிற நமக்கு அது தெரியும்.

இப்படி ஒரு குழப்பம் இருக்கிறது என்று சொன்னவுடன் அதை இரண்டு விதமாகத் திரிக்கிறார்கள்.

முதலாவது வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது: ‘தடுப்பூசி போட்டால் கேன்சர் வருகிறது, ஸ்கேனிலேயே தெரிகிறதாம்.’ ஸ்கேனில் தெரிவது ஊசிக்கு எதிர்வினை காட்டும் நெறி. பெரும்பாலானவர்களுக்கு அது சில வாரங்களில் தானாக அடங்கிவிடுகிறது. தடுப்பூசியைப் பற்றிய பயம் தமிழ்நாட்டில் எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதை நடிகர் விவேக் மறைந்தபோது பார்த்தோம். 2021 ஏப்ரல் 15 அன்று சென்னை அரசு மருத்துவமனையில் மக்களுக்கு முன்மாதிரியாக அவர் ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி மரணம். இதய ரத்தக் குழாய் அடைப்பே காரணம், ஊசியோடு அது தற்செயலாக ஒத்துவந்தது என்று தேசியக் குழு விசாரித்துச் சொன்னபோது மாதங்கள் ஓடிவிட்டன. அதற்குள் எத்தனை பேர் ஊசி மையத்துக்கு வராமல் நின்றார்கள் என்பதைக் கிராம செவிலியர்களைக் கேட்டால் சொல்வார்கள். கேள்விப்பட்ட செய்தியை ஆராய்ந்து தெளிய வேண்டும் என்று சூரா ஹுஜுராத்தின் ஆறாவது வசனம் நமக்கு இட்டிருக்கும் கட்டளை பள்ளிவாசலுக்குள் மட்டும் செல்லுபடியாவதல்ல, கைப்பேசிக்கும் உண்டு.

இரண்டாவது திரிபு இதற்கு நேர் எதிர். அதைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. ‘ஊசி போட்டால் நெறி கட்டும்னு சொன்னாங்க, அதான் கட்டியிருக்கு, விடு’ என்று விட்டுவிடுவது. உறுதியான ஒன்று சந்தேகத்தால் நீங்காது என்று ஃபிக்ஹில் நாம் ஓதியிருக்கிறோம். ஒளு முறிந்ததா இல்லையா என்ற வஸ்வாஸுக்கு அது மருந்து. அக்குள் கட்டிக்கு அந்த விதியைக் கொண்டுவரக் கூடாது. ஊசி போடாத பக்கத்தில் கட்டி வந்தாலோ, ஊசி போட்ட பக்கத்திலேயே ஆறு வாரம் கடந்தும் அமுங்காமல் இருந்தாலோ, வளர்ந்துகொண்டே போனாலோ, கல் போல இருந்தாலோ, மார்பில் கட்டியோ தோல் சுருக்கமோ சேர்ந்து வந்தாலோ ஊசியின் மேல் பழி போட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. மேலே சொன்ன கணக்கிலும் நூற்றுக்கு ஐந்து பேருக்கு அது உண்மையான நோய்தான் என்பதை மறக்க வேண்டாம்.

மருத்துவ உலகம் இதற்கு என்ன தீர்வு சொன்னது? 2021 தொடக்கத்தில் அமெரிக்காவின் மார்பகப் படமெடுப்பு மருத்துவர்கள் சங்கம், அவசரமில்லாத மேமோகிராம் பரிசோதனையை ஊசிக்கு முன்னால் எடுத்துவிடுங்கள், அல்லது இரண்டாவது டோஸ் முடிந்து 4 முதல் 6 வாரம் கழித்து எடுங்கள் என்றது. பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளின் நிபுணர்கள் சிலர் சேர்ந்து ஆறு வாரம் என்றார்கள். ஆனால் அவசரமான ஸ்கேன் எதையும் தள்ளிப்போட வேண்டாம் என்றும் கூடவே சொன்னார்கள். பிறகு 2022இல் அந்தச் சங்கமே தன் கருத்தைத் திருத்திக்கொண்டது: ஊசிக்காக மேமோகிராமைத் தள்ளிப்போட வேண்டாம், ஊசி போட்ட விவரத்தை மட்டும் கேட்டுப் பதிவு செய்யுங்கள் என்றது. காரணம் எளிது. தள்ளிப்போட்டால் பரிசோதனையே விட்டுப்போகலாம்.

நாம் பார்த்தவரை இந்தத் திருத்தத்தில்தான் விஷயம் இருக்கிறது. ஊசியையும் விட வேண்டாம், ஸ்கேனையும் விட வேண்டாம். எந்த ஊசி, எந்தத் தேதி, எந்தக் கை என்ற மூன்றும் ஸ்கேன் மேசைக்குப் போய்ச் சேர்ந்தால் போதும். அந்த மூன்றும் தெரிந்த ரேடியாலஜிஸ்ட் ‘அக்குள் நெறி, சமீபத்திய ஊசியால் இருக்கலாம், கவனிக்கவும்’ என்று எழுதுவார். தெரியாதவர் ‘பரவியிருக்கச் சாத்தியம்’ என்று எழுதுவார். இரண்டு வரிகளுக்கும் படம் ஒன்றுதான். அந்த மூன்றையும் சொல்லக்கூடியவர் பல நேரங்களில் கூடப் போகிற மகனோ மருமகளோதான். அது அவர்களிடம் உள்ள அமானிதம்.

இனி ஹஜ் விஷயத்துக்கு வருவோம். 1987 ஹஜ்ஜின்போது மூளைக்காய்ச்சல் பரவியதற்குப் பிறகு சவூதி அரசு அதற்கான தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. 2000ஆம் ஆண்டு ஹஜ்ஜில் வேறொரு வகைக் கிருமி பரவியதால் இப்போது நான்கு வகைக் கிருமிகளுக்கும் சேர்த்த ஊசி வேண்டும். சவூதி போய்ச் சேர்வதற்கு 10 நாட்களுக்கு முன்னதாகவாவது அதைப் போட்டிருக்க வேண்டும். கூடவே வயதானவர்களுக்கும் நாள்பட்ட நோயாளிகளுக்கும் இன்ஃபுளூயன்சா ஊசி. முகாமில் போலியோ சொட்டும் தருவார்கள். இன்ஃபுளூயன்சா ஊசிக்குப் பிறகு அக்குள் நெறி பெட் ஸ்கேனில் எரிவது கொரோனாவுக்கு முன்பே, 2009 பன்றிக் காய்ச்சல் காலத்திலேயே மருத்துவ இதழ்களில் பேசப்பட்ட விஷயம்.

கீமோ ஓடிக்கொண்டிருக்கும் நிலையில் இருப்பவர்களை சவூதி சுகாதார விதிகள் ஹஜ்ஜுக்கு அனுமதிப்பதில்லை. நாம் சொல்வது சிகிச்சை முடித்து, குணமாகி, செக்கப்பில் இருப்பவர்களுக்கு. பயணத்துக்கு முன் உடல்தகுதிச் சான்று வேண்டும் என்பதால் பலர் அதே மாதத்தில் ஸ்கேனும் எடுக்கிறார்கள். முடிந்தால் ஸ்கேனை முகாமுக்கு முன்னால் முடித்துக்கொள்வது நல்லது. முகாமுக்குப் பிறகுதான் தேதி கிடைத்தது என்றால் பதற வேண்டாம், ஊசி விவரத்தைச் சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளலாம். போலியோ சொட்டு உயிருள்ள கிருமியைக் கொண்டு செய்தது. எதிர்ப்பு சக்தி குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முகாம் மருத்துவரிடம் அதைச் சொல்லிய பிறகே வாய் திறக்க வேண்டும்.

முகாம் வரிசையில் செவிலியர் பெரும்பாலும் இடது கையைத்தான் நீட்டச் சொல்வார். இடது மார்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண் பேசாமல் இடது கையையே நீட்டிவிடுகிறார். ஏன்? பின்னால் சம்பந்தி நிற்கிறார், பக்கத்தில் தெருக்காரர் நிற்கிறார். ‘எனக்கு மார்பில் ஆபரேஷன் ஆயிருக்கு’ என்று அந்த இடத்தில் எப்படிச் சொல்வது? சில வீடுகளில் பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும் என்று உம்மாவின் நோயைச் சொந்தக்காரர்களிடம்கூட மறைத்து வைத்திருக்கிறார்கள். வெட்கம் ஈமானின் கிளை என்பதில் சந்தேகமில்லை, ஆனால் அது மருத்துவச் செவிலியரிடம் மறைப்பதற்கான வெட்கமல்ல. எந்த மார்பில் அறுவை சிகிச்சை நடந்ததோ அதற்கு எதிர்ப்பக்கக் கையில் ஊசி போட்டுக்கொள்வதுதான் நிபுணர்கள் சொன்ன வழி. இரண்டு டோஸ் உள்ள ஊசி என்றால் இரண்டையும் அதே கையில். இரு பக்கமும் அறுவை சிகிச்சை நடந்திருந்தால் தொடையில் போடலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

இதற்கு ஜமாஅத் நிர்வாகிகளால் செய்ய முடிந்த ஒரு சின்ன வேலை உண்டு. ஹாஜிகளுக்கு முகாம் விவரம் அறிவிக்கும்போதே ஆளுக்கொரு சீட்டு கொடுத்துவிடலாம். ‘ஊசி போட வேண்டிய கை’ என்று ஒரு கட்டம். அதை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு வந்து, வாய் திறக்காமல் செவிலியரிடம் நீட்டினால் போதும். காரணம் எழுத வேண்டியதில்லை. ஊசி போட்டதும் அதே சீட்டில் ஊசியின் பெயர், தேதி, போட்ட கை ஆகியவற்றை எழுதி வாங்கிக்கொண்டு ஸ்கேன் ஃபைலில் வைத்துவிட வேண்டும். பெண்களுக்கு முகாமில் தனி வரிசையும் பெண் செவிலியரும் கேட்டு வாங்குகிற நிர்வாகிகளுக்கு இந்தச் சீட்டு பெரிய சிரமமல்ல.

கீமோவில் இருப்பவர்களுக்கு ஊசி எப்போது என்பதை அவர்களுடைய புற்றுநோய் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், நாமோ பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் இருப்பவரோ அல்ல. தட்டம்மை ஊசி போன்ற உயிருள்ள கிருமித் தடுப்பூசிகள் அப்போது ஆகாது. இன்ஃபுளூயன்சா ஊசி போன்றவற்றை அவர்களே போடச் சொல்வார்கள்.

ஹஜ்ஜிலிருந்து திரும்பியவர்கள் பாதிப்பேர் இருமிக்கொண்டுதான் வருவார்கள். அந்தச் சளிக் காய்ச்சலாலும் கழுத்திலும் மார்புக்குள்ளும் நெறி கட்டும், பெட் ஸ்கேனில் அதுவும் எரியும். திரும்பி வந்து ஒரு மாதத்துக்குள் ஸ்கேன் தேதி இருக்கிறவர்கள் காய்ச்சல் எந்த நாளில் தொடங்கியது, எத்தனை நாள் இருந்தது என்பதையும் அந்தச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.